செத்தது போக மிச்சம்

கரும்பாறை எஸ்டேட்டில் யாரும் விரும்பாத சோலி ஒன்று இருந்தது. ஏலச்செடிகளுக்கு மருந்து அடித்து முடித்ததும் டின்களையும் பம்புகளையும் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த குழிக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். ஸ்டோர் என்பது பறித்த காயை உலர்த்துகிற, மருந்தும் இருப்பு வைக்கிற கட்டடம். அதன் கழிவும் அந்தக் குழிக்குத்தான் போகும். சமையல்கட்டு எச்சில், அழுகிய பலாப்பழம், மழையில் நனைந்து கட்டிதட்டிப்போன பூச்சிமருந்துத் தூள் மூட்டை எல்லாம் அங்கேதான் வந்து விழும். போடிநாயக்கனூரிலிருந்து 1974-ஆம் வருஷம் புருஷனோடு மலையேறி வந்த ராமுத்தாய்க்கு அந்தச் சோலி வாய்த்தது. புதிதாக வந்தவள், மறுத்துப் பேசத் தெரியவில்லை.

குழியைச் சுற்றிப் பத்தடிக்குப் புல் முளைக்காது. மழைக்காலத்தில் மலை முழுக்கத் தவளைச் சத்தம் காதைத் துளைக்கும். குழிப்பக்கம் மட்டும் கப்சிப்பென்று அடங்கிக் கிடக்கும். ஒருமுறை எஸ்டேட் நாய் அதில் வாய் வைத்துவிட்டு நாலு எட்டு நடந்து சாய்ந்தது. காக்கைகூட இறங்காத அந்த இடத்தில் ஒரே ஒரு உயிர் மட்டும் கூட்டங்கூட்டமாக வாழ்ந்தது. அழுகின பழத்தில் மொய்க்குமே, சிவந்த கண்ணோடு எள்ளளவு ஈ, அதுதான். ராமுத்தாய் டின்னைக் கவிழ்க்கும்போதெல்லாம் புகை மாதிரி எழும்பும். அவள் நகர்ந்ததும் திரும்ப வந்து உட்காரும்.

அவள் புருஷன் மொக்கச்சாமி மருந்து அடிக்கிறவன். பொட்டிபுரம் பக்கம் அவர்களுக்கு இருந்த கடலைக்காடு இரண்டு வருஷம் மழையில்லாமல் காய்ந்து, கிணறும் வற்றிய பிறகுதான் மலைக்கு வந்தார்கள். மகள் பொன்னுமணி அப்போது கைக்குழந்தை. மலைக்குளிர் ஆகாது என்று அவளை ராமுத்தாயின் அக்கா முத்துப்பேச்சியிடம் போடியில் விட்டிருந்தார்கள். மேலே வந்த பிறகு ராமுத்தாய்க்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. நாலாம் மாதத்தில் ஒன்று, ஏழாம் மாதத்தில் ஒன்று. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் குளிரைச் சொன்னார்கள், சிலர் தோஷத்தைச் சொன்னார்கள். அவர்களில் மூன்று பேருக்கு அதேபோல நடந்திருந்தது. லயத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடை குழிக்குக் கீழேதான் ஓடியது என்பதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

1978 தை மாதத்தில், கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர் ராஜாராம். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். ராமுத்தாயைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். வாழைப்பழத்தை நசுக்கிப் போட்ட சின்னச் சின்ன பாட்டில்களைக் குழி ஓரத்தில் வைத்துவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் செய்றீக?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"ஈ பிடிக்கிறேன்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈயா? மதுரையில இல்லாத ஈயவா இங்க வந்து பிடிக்கிறீக?"

"மதுரை ஈயைக் கொண்டுவந்து இதுல விட்டா அரைமணி தாங்காது. இது பாட்டுக்கு இதுலயே முட்டை போட்டுக் குடும்பம் நடத்துது. எப்படின்னு பாக்கணும்."

மேனேஜர் அவருக்குப் பழைய வாட்ச்மேன் அறையை ஒழித்துக் கொடுத்தார். செடியை அரிக்கிற இலைப்பேனுக்கு ஏதாவது வழி சொல்வார் என்ற எண்ணம் மேனேஜருக்கு. பாட்டில் கழுவ ஒரு ஆள் வேண்டுமென்று ராஜாராம் கேட்டபோது, கங்காணி கோட்டைச்சாமி ராமுத்தாயைக் கைகாட்டினார். "அவ கையில ஏற்கெனவே அந்த வாடைதான் அடிக்குது" என்றார்.

அப்படித்தான் அவள் ஈ வளர்க்கப் போனாள். ரவையும் வெல்லமும் கடல்பாசியும் போட்டுக் கூழ் காய்ச்சி, பாட்டிலின் அடியில் ஊற்றி ஆறவைத்து, பஞ்சால் வாயை அடைக்க வேண்டும். ஒரு பக்கத்து அலமாரியில் குழி ஈ. இன்னொரு பக்கத்தில், மருந்து வாடையே படாத குரங்கணி மாந்தோப்பில் பிடித்து வந்த ஈ. இரண்டும் கலந்துவிடக் கூடாது. பூதக்கண்ணாடியில் பார்த்து ஆண் எது, பெண் எது என்று பிரிக்க ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஆணுக்கு வால்பக்கம் கறுத்திருக்கும், பெண் கொஞ்சம் பெரிது.

ஒருநாள் ராஜாராம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "காலையில கூட்டிலேருந்து வெளிய வந்த பெண் ஈக்களை உடனே தனியா எடுத்து வச்சிரணும். எட்டு மணி நேரம் தாண்டக் கூடாது. ஏன்னா, அதுக்குள்ள... ஆண் ஈயோட..."

"சேந்துரும்னு சொல்றீக" என்றாள் ராமுத்தாய். "அதச் சொல்றதுக்கா இம்புட்டு நேரம்?"

முதல் சோதனை அவள் கண்முன்னால்தான் நடந்தது. ஸ்டோரிலிருந்து வாங்கிவந்த மருந்தை இரண்டு பாட்டிலின் உட்புறம் பூசிக் காயவைத்தார்கள். ஒன்றில் குரங்கணி ஈ இருபது, மற்றதில் குழி ஈ இருபது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்போது குரங்கணி ஈக்கள் எல்லாம் கால் மேலே நீட்டிக் கிடந்தன. குழி ஈயில் மறுநாள்வரை பதினேழு உயிரோடிருந்தது. இரண்டு ஜோடி, சேர்ந்துகொண்டும் இருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா! ஈக்கே ஒண்ணும் ஆகல. இதப் போயி மனுசனுக்கு ஆகாதுன்னு லயத்துல பேசிக்கிறானுக." மறுவாரமே, ஒரு டின் மருந்து ஊற்றின இடத்தில் ஒன்றரை டின் ஊற்றச் சொல்லிக் கோட்டைச்சாமியிடம் உத்தரவு போனது. ராஜாராம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மொக்கச்சாமியிடம் சொன்னபோது அவனும் அதையேதான் சொன்னான். "ஈக்குப் பழகிப்போச்சு புள்ள. எங்களுக்கும் அப்படித்தான். மொத வருசம் தலைசுத்தும், வாந்தி வரும். இப்ப ஒண்ணுந் தெரியலையே." வெறுங்கையை மருந்து டின்னுக்குள் விட்டுக் கலக்குவதை அவன் ஒரு வித்தை மாதிரி காட்டுவான். குச்சி தேடிப் போகிற ஆட்களைக் கேலி செய்வான். ஆனால் தேத்தண்ணி தம்ளரைத் தூக்கும்போது அவன் விரல் லேசாக நடுங்குவதை ராமுத்தாய் சில மாதங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. மறுநாள் ராஜாராமிடம் கேட்டாள். "சார், நம்ம அலமாரியில இருக்கிற குழி ஈயெல்லாம் பாட்டில்லயே பெறந்தது. வெல்லக்கூழத் தவிர வேற எதையும் கண்டதில்ல. அதோட பேரன் பேத்தி இப்ப ஓடுது. அதுகள மருந்துல விட்டா?"

ராஜாராம் அவளைப் பார்த்தார். "அதத்தான் அடுத்து செய்யணும்" என்றார்.

விட்டுப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து மருந்தைப் பார்க்காத அந்த ஈக்களும் சாகவில்லை. பிறகு குழி ஈயையும் குரங்கணி ஈயையும் ஜோடி சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளும் பெரும்பாலும் பிழைத்தன. அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்து, பேரன் பேத்தி எடுத்து மருந்தில் விட்டபோது, நாலில் ஒன்று செத்தது, மூன்று பிழைத்தது. எத்தனை பாட்டிலில் எண்ணினாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ராஜாராம் அன்றைக்குக் குழந்தை மாதிரி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். வம்சத்தில் இறங்குகிற விஷயம் இது, அதுவும் அனேகமாக ஒரே ஒரு இடத்தில் விழுந்த மாற்றம் என்றார்.

"அப்ப இது பழகினது இல்லையா சார்?"

"எந்த ஈயும் பழகலம்மா. பத்து வருஷம் முன்னாடி இந்தக் குழியில மொதமொத மருந்து கொட்டினப்ப, இருந்த ஈயெல்லாம் செத்திருக்கும். லட்சத்துல ஒண்ணு ரெண்டு, பிறவியிலயே தாங்குற மாதிரி பிறந்தது, தப்பிச்சிருக்கும். அதோட பிள்ளைங்கதான் இது. இந்தக் குளிருக்கு வருஷத்துக்குப் பதினஞ்சு தலைமுறைன்னு வச்சாலும், நூத்தம்பது தலைமுறை ஆச்சு. இப்ப நீ பாக்குறது செத்தது போக மிச்சம்."

ராமுத்தாய் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். பஞ்சடைப்புக்குள் ஈக்கள் சுறுசுறுப்பாக ஓடின. "மனுசங்க அப்படி ஆகணும்னா எத்தன தலைமுறை சார் ஆகும்?" என்று கேட்டாள்.

அவர் நோட்டைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவள் ஓடைத்தண்ணீர் எடுப்பதை விட்டாள். அரைமைல் மேலே ஏறி, பாறை இடுக்கில் சொட்டுகிற ஊற்றில் குடம் வைத்துக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டு இருளம்மாளையும் கூப்பிட்டாள். இருளம்மாள் இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள், "ஏத்தம் முடியல ஆத்தா, அம்புட்டுப் பேரும் குடிக்கிற தண்ணிதான" என்று நின்றுவிட்டாள்.

இலைப்பேனும் சாகவில்லை. ஒன்றரை டின் இரண்டானது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் அடித்தது எட்டு நாளைக்கு ஒருதரமானது. காய் சொரசொரவென்று சிரங்கு பிடித்த மாதிரியே வந்தது. ராஜாராம் மதுரைக்கும் மலைக்குமாக வந்துபோய்க்கொண்டிருந்தார். அவர் இல்லாத நாட்களில் அலமாரியைப் பார்த்துக்கொண்டது ராமுத்தாய்தான். மருந்தில்லாத கூழில் குரங்கணி ஈ முட்டையிடுகிற அளவுக்குக் குழி ஈ இடுவதில்லை என்பதை முதலில் கவனித்தவளும் அவள்தான். தாங்குகிற சக்திக்கு வேறெங்கோ விலை கொடுக்கிறது போல என்று ராஜாராம் சொல்லி, அதைத் தனியாக எழுதிக்கொண்டார்.

1981 ஆவணியில் புதுமருந்து வந்தது. தூளில்லை, எண்ணெய் மாதிரி. மூடியைத் திறந்தால் அழுகின பூண்டு வாடை. டின்னில் ஒட்டியிருந்த காகிதத்தில் மண்டையோட்டுப் படம். இது எதையும் விடாது என்று மேனேஜர் சொன்னார். ராஜாராம் அப்போது எஸ்டேட்டில் இருந்தார். ராமுத்தாயே கேட்டாள். "சார், குழி ஈய இதுல விட்டுப் பாப்பமா?"

கொட்டாங்கச்சியில் கொஞ்சம் வாங்கிவந்து, தண்ணீரில் கலந்து பூசினார்கள். இருபது குழி ஈயை உள்ளே தட்டினார்கள். ஒரு நிமிஷம் ஓடின. பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன. உடனே சாகவில்லை. கால்கள் ஆறும் வெடவெடவென்று நடுங்கின. ராமுத்தாய் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. நூற்றைம்பது தலைமுறை தாங்கிய ஈ.

ராஜாராம் நேராக மேனேஜரிடம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "நல்ல மருந்துன்னு சந்தோஷப்படுறாரு" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. "இது நரம்பைப் பிடிக்கிற விஷம். ஈக்கும் அதே நரம்புதான், நமக்கும் அதே நரம்புதான். கையுறை, முகத்துணி எதுவும் இல்லாம இத அடிக்கவே கூடாது. உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லு."

சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமும் மறுநாள் விடியக்காலையிலும் சொன்னாள். வழியை மறித்துக்கொண்டு நின்றும் சொன்னாள்.

"மாமா, இன்னைக்கு ஒருநாள் போகாதய்யா. நான் கண்ணால பாத்தேன்."

"ஈயப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்றியா? நான் ஏழு வருசமா அடிக்கிறேன்."

"ஏழு வருசம் அடிச்ச மருந்து வேற. இது வேற. அந்த ஈயே சுருண்டு விழுகுது."

"தள்ளு புள்ள. லோடு எறங்கிக் கெடக்கு, வெரசாப் போகணும்."

அவன் போனான். கொஞ்சநேரம் வாசலில் நின்றவள், குழிப்பக்கம் ஓடி, காலி டின் ஒன்றிலிருந்த அந்தக் காகிதத்தைக் கிழியாமல் உரித்து மடியில் செருகிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மருந்தின் பெயரை எழுதி ஒட்டாமல் ராஜாராம் எந்த பாட்டிலையும் வைக்க மாட்டார் என்பது மட்டும் மனதில் ஓடியது என்றாள்.

பதினோரு மணிக்கு ஆள் ஓடிவந்தான். காற்று மாறியடித்து, மேல்வரிசையில் அடித்த மருந்து கீழ்வரிசையில் நின்றவர்கள்மேல் இறங்கியிருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்தபோது மொக்கச்சாமி ஏலச்செடிகளுக்கிடையில் ஒருக்களித்துக் கிடந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான், ஆனால் கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தொடைச்சதை தானாகத் துடித்தது. கொஞ்சம் தள்ளி வேலுச்சாமி என்ற இன்னொருவன் கிடந்தான். போன மாதம்தான் போடியிலிருந்து வந்தவன்.

"பனி புடிச்சிருக்கும், கருப்பட்டிக் காப்பி குடுங்க" என்று யாரோ சொன்னார்கள். காய்ச்சலைப் பனி என்பது மலையில் மலையாளத்து வழக்கம்.

"காய்ச்சலில்ல, மருந்து ஏறியிருக்கு!" என்று கத்தினாள் ராமுத்தாய். "ஜீப்பக் கொண்டாங்கண்ணே!"

கோட்டைச்சாமி தயங்கினார். மேனேஜர் கீழே போயிருந்தார், அவர் சொல்லாமல் ஜீப்பை எடுக்க முடியாது. ராஜாராம் ஓடிவந்து டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் வண்டி கிளம்பியது. அதற்குள் இருவர் சட்டையையும் கழற்றி எறிந்து, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன ஊற்றுத்தண்ணீர்க் குடத்தை அவர்கள் உடம்பில் கவிழ்த்திருந்தாள் ராமுத்தாய். போடிமெட்டிலிருந்து இறங்குகிற வளைவுகளில் ஜீப் சாய்ந்து சாய்ந்து திரும்பியது. மொக்கச்சாமியின் தலை அவள் மடியில். வேலுச்சாமியை ராஜாராம் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவில் வேலுச்சாமியின் மார்பு ஏறி இறங்குவது நின்றது. ராஜாராம் அவனை விடவில்லை.

போடி ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் சாராயமா என்று கேட்டார். ராமுத்தாய் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். அதைப் படித்ததும் அவர் குரல் மாறியது. ஊசிமருந்து பெயரைச் சொல்லி நர்சை ஓடச் சொன்னார். பத்து நிமிஷத்துக்கு ஒரு ஊசியாக அன்று முழுக்கப் போட்டார்கள். நாலாம் நாள் மொக்கச்சாமி அவளை அடையாளம் கண்டுகொண்டான். "தண்ணி" என்றான்.

உயிர் பிழைத்தான் என்பதுதானே தவிர, அவன் கை பிறகு ஒருநாளும் நிதானத்துக்கு வரவில்லை. சட்டைப் பொத்தான் போட அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வேலுச்சாமி இதயம் நின்று செத்தான் என்று எஸ்டேட் தரப்பில் சொன்னார்கள். ராஜாராம் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய அறையைத்தான் மேனேஜர் பூட்டிவிட்டார். அலமாரியோடு ஈக்களை ஸ்டோர் அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

ராமுத்தாய் புருஷனோடு போடிக்கு வந்து அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். காய் பொறுக்குகிற கொட்டகையில் சேர்ந்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பச்சை, வெடிப்பு, சொத்தை என்று ஏலக்காயைத் தரம் பிரிக்கிற சோலி. எள்ளளவு ஈயைப் பிரித்த கண்ணுக்கு அது கஷ்டமாக இல்லை. பொன்னுமணிக்கு அம்மாவிடம் ஒட்டச் சில மாதம் பிடித்தது.

1985 பங்குனியில் ராஜாராம் தேடிக்கொண்டு வந்தார். முன்நெற்றி ஏறியிருந்தது. எஸ்டேட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், அங்கே வேலைபார்க்கும் ஒருவர் மூலம் குழி ஓரத்தில் பாட்டில் வைத்து எடுத்திருந்தார். பூண்டுவாடை மருந்தில் இருபது ஈயை விட்டதில் பதினான்கு பிழைத்ததாகச் சொன்னார்.

"நாலு வருசத்துலயா?"

"நாலு வருஷத்துலதான். அதுக்காக வரல. இங்க சந்தையில பாக்கணும். துணைக்கு வர்றியா?"

இருவரும் போடிச் சந்தையில் வாழைமண்டிக்குப் பின்னால் பாட்டில் வைத்தார்கள். அங்கே யாரும் மருந்து அடித்ததில்லை. மூன்றாம் நாள், ராஜாராம் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் அதே பூண்டுவாடை மருந்தில் விட்டு எண்ணினார்கள். ராமுத்தாய் ஒருதரம் எண்ணி, நம்பாமல் மறுதரம் எண்ணினாள். சந்தை ஈ இருபதில் ஆறு எழுந்து நடந்தது.

"இங்க மருந்தே கெடையாதே சார்."

"மேலேருந்து பலாப்பழம் எதுல வருது?"

"ஜீப்புல."

அவர் தலையாட்டினார். சாகாத ஈ இறங்கி வந்துவிட்டது. அப்படியென்றால் சாகாத இலைப்பேனும் தோட்டம் விட்டுத் தோட்டம் போயிருக்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் இதைவிடக் கடுமையான மருந்தைத் தேடுவார்கள். டின்னுக்குள் கையை விட ஆள் தேடுவார்கள்.

தேடித்தான் வந்தார்கள். மறுவருஷம் வைகாசியில், மழைக்கு முன்னால், கோட்டைச்சாமியே அவள் தெருவுக்கு வந்தார். மருந்தடிக்கப் பதினோரு ஆட்கள் வேண்டும், புதுமருந்து, அடிக்கச் சுலபம் என்றார். ராமுத்தாய் அன்று கொட்டகைக்குப் போகவில்லை. பெயர் கொடுத்த பதினோரு பேரின் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள், சில வீட்டில் வாசலோடு நிறுத்தினார்கள். மொக்கச்சாமியும் கூடவே வந்தான். ஒவ்வொரு வாசலிலும் கையை நீட்டிக் காட்டினான்.

"வேல குடுக்க உனக்கு வக்கிருக்கா ஆத்தா? பெறகு எதுக்குத் தடுக்கிற?" என்று ஒரு தாய் கேட்டாள். "போனா வெறுங்கைய உள்ள விட வேண்டாம்னாவது சொல்லு. டின்னுல ஒட்டியிருக்கிற காயிதத்த ஒருத்தன் பத்திரமா வச்சுக்கிறச் சொல்லு" என்று மட்டும் கெஞ்சினாள் ராமுத்தாய்.

நாலு பேர் போகாமல் நின்றுகொண்டார்கள். மற்ற ஏழு பேரும் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜீப்பில் ஏறினார்கள். அவர்களில் இருவர் கழுத்தில் புதுத்துண்டு இருந்தது, மூக்கில் கட்டிக்கொள்ள. ஜீப் மேற்கே திரும்பி, மலையின் மேல் இறங்கியிருந்த மேகத்தைப் பார்த்துப் போனது.